கூலர் மாற்றினேன், கம்ப்யூட்டர் படுத்துவிட்டது

கத்திரி வெயில் நேரத்தில் வேலூரில் மாடி அறையில் உட்கார்ந்து கல்யாண வீடியோ எடிட் செய்பவனுக்கு ப்ராசஸர் சூட்டைப் பற்றி யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. மதியம் இரண்டு மணிக்கு அறையே 36 டிகிரி. ரெண்டர், அதாவது எடிட் செய்ததை முழு வீடியோவாக மாற்றும் வேலை, போட்டால் ப்ராசஸர் ஐந்து நிமிடத்தில் 94, 95 என்று போய் நிற்கும். ப்ராசஸரோடு கூடவே வந்த சின்ன கூலரின் ஃபேன் மிக்ஸி மாதிரி கத்தும், கீழே சமையலறை வரைக்கும் கேட்கும்.

என்னுடையது ரைசன் 5 3600, பி450 மதர்போர்டு, இரண்டு 8 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டு. 2020-ல் கூட்டிய செட். இந்த ப்ராசஸருக்கு 65 வாட் என்று அட்டையில் போட்டிருந்தாலும் முழு வேலை கொடுத்தால் 88 வாட் வரைக்கும் இழுக்கும். அந்தச் சூட்டில் பெரும்பகுதி வெளிவருவது மூடிக்கு அடியில் சுமார் 74 சதுர மில்லிமீட்டர் மட்டுமே உள்ள ஒரு சில்லுத் துண்டிலிருந்து, அதுவும் நடுவில் இல்லாமல் ஓரமாக இருக்கும். கூடவே கொடுக்கும் கூலர் வெறும் அலுமினியக் கட்டிதான். குளிர்காலத்தில் சமாளிக்கும், வைகாசி முகூர்த்த சீசனில் சமாளிக்காது. 95 டிகிரியைத் தொட்டதும் ப்ராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், ரெண்டர் நேரம் நீளும். சரி, சூட்டை மேலே கடத்தும் குழாய்கள், அதாவது ஹீட் பைப், நான்கு உள்ள உயரமான டவர் கூலர் ஒன்று வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தேன். ஆயிரத்து எண்ணூறு ரூபாய்.

கூலர் வந்தது ஒரு சனிக்கிழமை காலை. ஞாயிற்றுக்கிழமை இரவுக்குள் ஒரு பார்ட்டிக்கு டீசர் கொடுக்க வேண்டும். அரை மணி நேர வேலைதானே என்று நினைத்தேன்.

பழைய கூலரில் நான்கு ஸ்க்ரூ. கழற்றியதும் மதர்போர்டுக்குப் பின்னால் இருந்த இரும்புத் தகடு டங் என்று கீழே விழுந்தது. முதல் முறை செய்பவர்கள் பயந்துவிடாதீர்கள், அதைப் பிடித்துக்கொண்டிருந்ததே அந்த ஸ்க்ரூதான், அவை போனால் விழத்தான் செய்யும். புது கூலருக்கும் அதே தகடுதான் வேண்டும், பத்திரமாக எடுத்து வைத்தேன். அப்புறம் கூலரைத் தூக்கினேன். வரவில்லை. கொஞ்சம் அசைத்துத் தூக்கினேன். வரவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்தபோது சடக் என்று கையோடு வந்தது. திருப்பிப் பார்த்தால் அடியில் ப்ராசஸர் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. சாக்கெட் காலி. லிவர் மட்டும் பூட்டிய நிலையிலேயே கீழே படுத்திருக்கிறது.

இது ஏன் நடந்தது என்பது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை, அதனால்தான் என் மேலேயே கோபம். என் ப்ராசஸர் சேரும் ஏஎம்4 சாக்கெட் வகையில் ஊசிகள் ப்ராசஸரின் அடியில் இருக்கும், 1331 ஊசிகள். லிவரைச் சாய்த்தால் சாக்கெட் அந்த ஊசிகளைப் பக்கவாட்டில் இறுக்கிப் பிடிக்கும், அவ்வளவுதான். மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் சட்டம் எதுவும் கிடையாது. ஊசிகள் சாக்கெட்டுக்குள் இருக்கும் இன்டெல் வகையில் ஒரு இரும்புச் சட்டம் ப்ராசஸரை மேலிருந்து பிடித்திருக்கும், 2022-ல் வந்த ஏஎம்5-ம் அதே முறைக்கு மாறிவிட்டது. ஏஎம்4-ல் சூட்டைக் கூலருக்குக் கடத்த நடுவில் தடவும் தெர்மல் பேஸ்ட் மூன்று நான்கு வருடம் காய்ந்து பசை மாதிரி பிடித்துக்கொண்டால், கூலரை நேராகத் தூக்கும்போது ப்ராசஸரும் கூடவே வரும். இதைத் தவிர்க்க வழியும் உண்டு: கழற்றுவதற்கு முன் பத்து நிமிடம் ஏதாவது ரெண்டர் ஓடவிட்டு, நன்றாகச் சூடானதும் நிறுத்தி, பேஸ்ட் இளகியிருக்கும்போதே கூலரை இடமும் வலமுமாகத் திருகி, பிடி விட்டபின் எடுக்க வேண்டும். நானோ முந்தைய நாள் இரவே ஆஃப் செய்துவிட்டு, காலையில் எழுந்து, தூசி தட்டி, நிதானமாக ஆறிப்போன பேஸ்டோடு மல்லுக்கு நின்றிருக்கிறேன்.

ஒட்டியதைப் பிரிக்க தங்கையின் ஹேர் டிரையரை வாங்கி கூலரின் மேல் இரண்டு நிமிடம் காட்டினேன். பிறகு ப்ராசஸரின் ஓரங்களை இரண்டு விரலால் பிடித்துத் திருக, மெல்ல வழுக்கிக்கொண்டு வந்தது. கட்டைவிரலெல்லாம் சாம்பல் நிறம். ஒரு துணியில் துடைத்துவிட்டு ஊசிகளைப் பார்த்தேன். ஒரு மூலையில் இரண்டு ஊசி சாய்ந்திருந்தன. உடையவில்லை.

ஊசி நிமிர்த்த கடையில் தனி சாமான் தேட வேண்டாம். 0.5 மில்லிமீட்டர் மைக்ரோ டிப் பென்சிலில் உள்ளே இருக்கும் லெட்டை எடுத்துவிட்டால் முனைக் குழாய் அந்த ஊசியின் மேல் சரியாக உட்காரும். மாட்டி, மெல்ல, ஒரே தடவையில் நேராக்கப் பார்க்காமல், கொஞ்சம் நிமிர்த்தி, பக்கத்து வரிசையோடு ஒப்பிட்டு, மறுபடி கொஞ்சம் என்று செய்ய வேண்டும். முன்னும் பின்னும் பலமுறை வளைத்தால் ஒடிந்துவிடும். ஒடிந்தால் நம் கையில் எதுவும் இல்லை. இரண்டு ஊசிக்கு எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது. சீலிங் ஃபேனை நிறுத்திவிட்டு, வியர்வை ப்ராசஸர் மேல் சொட்டாமல் இருக்கத் தலையில் துண்டு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த நேரம் பார்த்து அம்மா காபியோடு வந்து, "நல்லாத்தானே ஓடிக்கிட்டு இருந்துச்சு, ஏன்டா கழட்டின?" என்றார். பதில் இல்லை.

நிமிர்த்திய பிறகு சோதனை எளிது. லிவரைத் தூக்கிவிட்டு, மூலையில் உள்ள தங்க முக்கோணத்தைச் சாக்கெட்டின் முக்கோணத்தோடு பொருத்தி வைத்தால், ப்ராசஸர் தன் எடையிலேயே உள்ளே இறங்க வேண்டும். அழுத்த வேண்டிவந்தால் ஏதோ ஒரு ஊசி இன்னும் கோணலாக இருக்கிறது என்று அர்த்தம். என்னுடையது இறங்கியது. லிவரைப் பூட்டினேன், நடுவில் பட்டாணி அளவு பேஸ்ட் வைத்தேன், புது கூலரின் அடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உரித்தேன் (உரிக்க மறப்பவர்கள் நிறையப் பேர், அன்றைக்கு நான் ஒழுங்காகச் செய்தவை கொஞ்சம்தான் என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன்), நான்கு ஸ்க்ரூவையும் மாட்டினேன். கிராபிக்ஸ் கார்டைத் திரும்பச் செருகினேன். பவர் பட்டன்.

எல்லா ஃபேனும் சுற்றியது. புது கூலரின் ஃபேனும் சுற்றியது. டிஸ்ப்ளே வரவில்லை.

மதர்போர்டின் ஓரத்தில் நான்கு குட்டி விளக்குகள் உண்டு: சிபியு (ப்ராசஸர்), டிராம் (ரேம்), விஜிஏ (கிராபிக்ஸ்), பூட். ஆன் செய்யும்போது ஒவ்வொன்றாக எரிந்து அணையும், எதில் எரிந்தபடி நிற்கிறதோ அங்கே கோளாறு. எனக்கு முதல் விளக்கே அணையவில்லை. சிபியு. ஊசியை நிமிர்த்திய கை சும்மா இருக்குமா, ப்ராசஸர் செத்துவிட்டது என்று மனசு அந்த நிமிடமே தீர்ப்பு எழுதிவிட்டது. ஓஎல்எக்ஸில் பழைய 3600 என்ன விலை போகிறது என்று தேடினேன். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போனால் கிடைக்குமா, ஞாயிற்றுக்கிழமை கடை இருக்குமா என்று யோசித்தேன். கூலரைத் திரும்பக் கழற்றி, ஊசியை மறுபடி பார்த்து, மறுபடி பேஸ்ட் போட்டு, மறுபடி மாட்டினேன். அதே விளக்கு. இப்படியே இரண்டு மணி நேரம் போனது.

கடைசியில் கண்டுபிடித்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஸ்க்ரூ டிரைவர் போக இடம் வேண்டும் என்று மதர்போர்டின் இடது மேல் மூலையில் இருந்த 8 பின் பவர் கனெக்டரைக் காலையில் கழற்றியிருந்தேன். அது கேபினெட்டின் மேல் தட்டுக்கும் கூலருக்கும் நடுவே ஒரு சந்தில் தொங்கிக்கொண்டிருந்தது, டவர் கூலர் மறைத்துவிட்டதால் மேலிருந்து பார்த்தால் தெரியவே இல்லை. எஸ்எம்பிஎஸ், அதாவது பவர் சப்ளை பெட்டியிலிருந்து வரும் பெரிய 24 பின் கனெக்டர் போர்டுக்கும் ஃபேன்களுக்கும் கரண்ட் கொடுத்துவிடும், அதனால் எல்லாம் உயிரோடு இருப்பது போலவே தெரியும். ப்ராசஸருக்கான 12 வோல்ட் மட்டும் அந்த 8 பின் வழியாகத் தனியாக வருகிறது. அது இல்லாமல் ஃபேன் சுற்றும், ப்ராசஸர் எழுந்திருக்காது. செருகினேன், க்ளிக் என்றது.

சிபியு விளக்கு அணைந்தது. அடுத்தது எரிந்தது, டிராம். அப்படியே நின்றுவிட்டது.

இங்கே ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். ப்ராசஸரைக் கழற்றி மாட்டிய பிறகோ போர்டின் அடிப்படை செட்டிங்கான பயாஸை ரீசெட் செய்த பிறகோ முதல் முறை ஆன் செய்யும்போது போர்டு ரேமோடு பழகக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளும், அந்த விளக்கு அரை நிமிடம் ஒரு நிமிடம் எரிவது சாதாரணம். பதறிப்போய் ஆஃப் செய்யக் கூடாது. நான் ஐந்து நிமிடம் காத்திருந்தேன். மாறவில்லை.

இனி வழக்கமான சடங்குகள். ரேமைக் கழற்றி, தங்க நிறக் கால்களை ரப்பரால் தேய்த்து, துடைத்து, மாட்டினேன். பலன் இல்லை. பயாஸ் ரீசெட் ஆகட்டும் என்று கரண்டைத் துண்டித்து, போர்டில் இருக்கும் வட்ட பேட்டரியை, அதான் சிஆர்2032, எடுத்துவிட்டுப் பத்து நிமிடம் கழித்துப் போட்டேன். பலன் இல்லை. இதில் கொடுமை என்னவென்றால் புது கூலரின் ஃபேன் முதல் ரேம் ஸ்லாட்டின் மேல் குடை மாதிரி நிற்கிறது, ஒவ்வொரு முறை ரேமைத் தொடுவதற்கும் ஃபேனைப் பிடித்திருக்கும் கம்பி கிளிப்பை விடுவித்து எடுத்து, திரும்ப மாட்ட வேண்டும். நான்காவது முறைக்கு மேல் ஃபேனை மாட்டவே இல்லை, பக்கத்தில் படுக்கவைத்துவிட்டேன்.

அப்புறம்தான் கொஞ்சம் நிதானம் வந்து, ஒரு பேப்பரை எடுத்து எழுதிக்கொண்டே செய்தேன். ப்ராசஸரிலிருந்து எண்ணினால் ஸ்லாட்டுகள் ஏ1, ஏ2, பி1, பி2. முதல் ரேமை மட்டும் ஏ2-ல் போட்டால் டிஸ்ப்ளே இல்லை. அதே ரேம் பி2-ல், இருபது நொடியில் திரையில் லோகோ வந்துவிட்டது! இரண்டாவது ரேமைப் பி2-ல் போட்டேன், வந்தது. ஏ2-ல், இல்லை. ஏ1-ல் இரண்டையும் தனித்தனியாகப் போட்டுப் பார்த்தேன், இல்லை. பி1-ல் இரண்டுமே வேலை செய்தன.

அந்தப் பேப்பரைப் பார்த்ததும் பாதி புரிந்துவிட்டது. ரேம் இரண்டும் நல்லவை. இரண்டு ஸ்லாட்டும் ஒரே நாளில் கெட்டுப்போவது நடக்காத காரியம். கெட்டிருப்பது ஏ என்ற பாதை முழுவதும், அந்தப் பாதை முடிகிற இடம் ப்ராசஸர்தான். பழைய காலத்தில் ரேமைக் கட்டுப்படுத்தும் பகுதி மதர்போர்டில் தனிச் சில்லாக இருந்தது, இப்போது ப்ராசஸருக்குள்ளேயே இருக்கிறது. ரேம் ஸ்லாட்டிலிருந்து வரும் கம்பிகள் நேராகச் சாக்கெட்டின் ஊசிகளுக்கே போகின்றன. ஆக, எங்கேயோ ஒரு ஊசி சாக்கெட்டோடு ஒழுங்காகத் தொடவில்லை.

கூலரை ஒரு பக்கமாக அதிகம் இறுக்கிவிட்டால் கூட இப்படி ஒரு பக்க ரேம் காணாமல் போகும் என்பதால், முதலில் அதைப் பார்த்தேன். ஏ2-ல் ரேமை வைத்து, நான்கு ஸ்க்ரூவையும் அரைச் சுற்று தளர்த்தி ஆன் செய்தேன். இல்லை. இன்னொரு அரைச் சுற்று. இல்லை. சரி, அழுத்தம் காரணமில்லை, ப்ராசஸரைத் திரும்ப வெளியே எடுத்துத்தான் ஆக வேண்டும். மணி இரவு பத்தரை. டீசருக்கு மிச்சம் ஒரு நாள்தான் என்பதால் ஸ்க்ரூவை இறுக்கி, பி2-ல் ஒரு ரேமோடு 8 ஜிபியில் அன்றிரவு டீசரை முடித்தேன். எடிட்டிங் சாஃப்ட்வேர் ஒவ்வொரு க்ளிக்குக்கும் யோசித்து யோசித்து நகர்ந்தது. ஆனால் சூடு 70-ஐத் தாண்டவில்லை, அதைப் பார்க்கப் பார்க்க ஒரு பக்கம் சந்தோஷமாகவும் இருந்தது.

மறுநாள் ரெண்டர் முடிந்த சூட்டோடு சூடாக கூலரைத் திருகி எடுத்தேன். வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது, ப்ராசஸர் சாக்கெட்டிலேயே இருந்தது. ஒரு நாள் முன்னால் இதைச் செய்திருக்க வேண்டும். ஊசிகளை டார்ச் அடித்து, போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தேன். எல்லாம் நேராகத்தான் இருந்தன. என் கண்ணுக்கு இதற்கு மேல் தெரியாது என்று ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் ப்ராசஸரை வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் பக்கம் இருக்கும் மொபைல் சர்வீஸ் கடைக்குப் போனேன். அங்கே இருக்கும் தம்பியிடம் போர்டு வேலைக்கான மைக்ராஸ்கோப் உண்டு, அதைத் திரையில் காட்டும்.

"இது போன் இல்லயேண்ணா" என்றான்.

"தெரியும் தம்பி. ஊசி மட்டும் பார்த்துச் சொல்லு. இந்த மூலையில ரெண்டு ஊசி நிமிர்த்தினேன்."

லென்ஸுக்கு அடியில் வைத்து நகர்த்தினான். நான் நிமிர்த்திய இரண்டும் அடிவாரத்தில் லேசாகச் சுருக்கம் விழுந்து, மற்றபடி வரிசையில் நின்றன. அவன் அதைத் தாண்டி எதிர்ப்பக்கம் போனான். நான் பார்க்கவே பார்க்காத பக்கம்.

"ஊசி நல்லாத்தான்ணா இருக்கு. இது என்ன, சாம்பல் பூசி வச்சிருக்கீங்க?"

திரையில் பார்த்தேன். ஏழெட்டு ஊசிகளின் பாதி உயரம் வரைக்கும் வெளிறிய சாம்பல் நிறத்தில் ஒரு படலம், நடுவில் இடைவெளியே தெரியாமல் அடைத்துக்கொண்டு. தெர்மல் பேஸ்ட். கூலரிலிருந்து ப்ராசஸரைப் பிரித்தபோது என் கட்டைவிரலில் இருந்ததுதான், ஓரத்தைப் பிடித்தபோது வழிந்து உள்ளே போயிருக்கிறது. நான் பயன்படுத்தும் மாதிரிச் சாதாரண பேஸ்ட் கரண்டைக் கடத்தாது, அதனால் ஷார்ட் ஆகவில்லை, ஆனால் அதே காரணத்தால் ஊசிக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே திரை போட்டு உட்கார்ந்துவிட்டது. இதுவே கரண்டைக் கடத்தும் திரவ உலோக வகையாக இருந்திருந்தால் நான் இந்தப் பதிவை வேறு ப்ராசஸரில் எழுதிக்கொண்டிருப்பேன்.

அவன் ஐபிஏ பாட்டிலை எடுத்து, மென்மையான பிரஷ்ஷை நனைத்து, ஊசி வரிசை போகும் திசையிலேயே, குறுக்கே இழுக்காமல், தேய்த்தான். ஐசோப்ரொபைல் ஆல்கஹால், 99 சதவீதம், போன் போர்டு கழுவ எல்லா சர்வீஸ் கடையிலும் இருக்கும். மூன்று முறை தேய்த்து, ஊதி, மறுபடி லென்ஸில் பார்த்து, சுத்தம் என்றான். சாக்கெட் ஓட்டைகளுக்குள்ளும் கொஞ்சம் போயிருக்கும், அங்கே பிரஷ்ஷை விட்டுக் குத்தாதீங்க, ப்ராசஸர் ஊசியை ஐபிஏவில் நனைத்து மாட்டி, எடுத்து, துடைத்து இரண்டு மூன்று முறை செய்யுங்கள், காய்ந்த பிறகு கரண்ட் கொடுங்கள் என்று சொல்லி அனுப்பினான். நூறு ரூபாய் கொடுத்தேன், ஐம்பதைத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

சொன்னபடி செய்தேன். மூன்று முறை நனைத்து எடுத்ததில் துடைத்த வெள்ளைத் துணியில் முதல் முறை சாம்பல் கோடு விழுந்தது, மூன்றாவது முறை விழவில்லை. ஒரு மணி நேரம் ஃபேன் காற்றில் காயவிட்டேன். புது பேஸ்ட், கூலர், இந்த முறை ஸ்க்ரூக்களை எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். 8 பின் கனெக்டரை இரண்டு முறை தொட்டுப் பார்த்தேன். ஏ2, பி2 இரண்டிலும் ரேம்.

டிராம் விளக்கு எரிந்தது. பதினைந்து நொடி. இருபது. அணைந்தது. விஜிஏ, பூட், எல்லாம் ஓடி அணைந்தன.

திரையில் சிபியு ஃபேன் எரர், எஃப்1 அழுத்தவும் என்று வந்தது. சிரித்துவிட்டேன். ஃபேன் வயரைக் கேபினெட் ஃபேனுக்கான இடத்தில் செருகியிருந்தேன், பயாஸ் சிபியு ஃபேன் இடத்தைப் பார்த்து அங்கே எதுவும் சுற்றவில்லை என்று மிரண்டுவிட்டது. மாற்றிச் செருகியதும் போய்விட்டது. பேட்டரியை எடுத்ததால் தேதி சில வருடம் பின்னால் போயிருந்தது, ரேமின் வேகமும் 3200-லிருந்து 2133-க்கு இறங்கியிருந்தது. பயாஸில் ரேமை முழு வேகத்தில் ஓடவிடும் எக்ஸ்எம்பியைத் திரும்ப ஆன் செய்ய வேண்டும், இதைக் கவனிக்காமல் மாதக்கணக்கில் மெதுவான ரேமோடு ஓட்டுபவர்கள் உண்டு. 16 ஜிபி முழுதாகத் தெரிந்தது.

அதே அறை, அதே மதியம், அதே புராஜெக்ட். முன்பு 95-ல் முட்டிக்கொண்டிருந்த ப்ராசஸர் இப்போது அரை மணி நேர ரெண்டரில் 74-ஐத் தாண்டவில்லை. முன்பு 47 நிமிடம் எடுத்த ரெண்டர் 42 நிமிடத்தில் முடிந்தது. சத்தம் சுத்தமாகக் குறைந்துவிட்டது, சொல்லப்போனால் சீலிங் ஃபேன் கிறீச்சிடுவது இப்போதுதான் காதில் விழுகிறது.

எல்லாம் முடிந்தது என்று கேபினெட்டின் பக்கக் கதவை மூடப் போனேன். மூடவில்லை. கூலரின் உயரம் 158 மில்லிமீட்டர், என் கேபினெட் 155 வரைக்கும்தான் தாங்கும் என்று அதன் அட்டையிலேயே போட்டிருக்கிறது, வாங்கும்போது அதை மட்டும் பார்க்கவில்லை. ஹீட் பைப்பின் முனைகள் கதவை மூன்று மில்லிமீட்டர் வெளியே தள்ளுகின்றன. எங்கள் வீட்டில் பல்லி நடமாட்டம் அதிகம், திறந்து போட்டால் எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் போய் உட்கார்ந்துவிடும். இப்போதைக்குக் கதவைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, ஜன்னலுக்கு வாங்கி மிச்சமிருந்த கொசுவலையை வெட்டி, வெல்க்ரோ ஒட்டி மாட்டியிருக்கிறேன்.